இருபத்தைந்தா, இருபத்தாறா

ஏப்ரல் 7

ஆய்வகக் குறிப்பேட்டில் எடை, நிறம், வெப்பநிலை தவிர வேறு எதுவும் எழுதக்கூடாது என்பது என் ஆய்வு வழிகாட்டி எஸ்தர் மேடத்தின் சட்டம். முதல் வருடம் நான் "வெயில் அதிகம்" என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, "எத்தனை டிகிரி?" என்று பக்கத்தில் கேட்டிருந்தார். ஆகவே வெயில் அதிகம் என்பதை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

வேதியியல் துறையில் மறுபடியும் தண்ணீர் இல்லை. தாமிரபரணியில் தண்ணீர் ஓடுகிறது, எங்கள் குழாயில் ஓடவில்லை. மோட்டார் போய்விட்டது என்கிறார்கள். விடுதியிலிருந்து வாளியில் கொண்டு வந்து குடுவைகளைக் கழுவினேன். கை தோல் உரிகிறது.

இசக்கிராஜ் இன்று மாங்கனீசைச் சேர்த்தான். ஆல்டிஹைடையும் அமீனையும் மெத்தனாலில் கலந்தால் நல்ல மஞ்சள் நிறத்தில் ஷிப் காரம் வரும். அதற்கு ஆறு கைகள். நடுவில் ஓர் உலோக அணுவை விட்டால் ஆறு பக்கமும் பிடித்துக்கொள்ளும். வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும் மாங்கனீசு உப்பைப் போட்டதும் கரைசல் காபி டிகாஷன் மாதிரி ஆகிவிட்டது. அவன் செய்வான், நான் படிகமாக்குவேன். ஐந்து வருடமாக இதுதான் ஏற்பாடு. எனக்கு ஆய்வேட்டில் இன்னும் ஓர் அத்தியாயம் வேண்டும். அவனுக்கு வெளிநாடு போக ஒரு நல்ல கட்டுரை வேண்டும். மேடத்துக்கு ஜூன் கடைசியில் ஓய்வு. அவருக்கும் ஏதோ வேண்டும், சொல்லவில்லை.

ஏப்ரல் 12

சிறு குப்பிகளில் ஊற்றி, வாயை மெழுகுத்தாளால் மூடி, ஊசியால் துளை போட்டு வைத்திருந்தேன். துளை பெரிதானால் திரவம் சீக்கிரம் போய்த் தூள்தான் மிஞ்சும். சிறிதானால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என்னிடம் கைப்பக்குவம் இருக்கிறது என்று இசக்கிராஜ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊசி நல்ல ஊசி, அவ்வளவுதான்.

ஒரு குப்பியில் படிகம் வந்திருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் மங்கலான பழுப்புத் தூள். அதன் நடுவே அங்கங்கே கருமையாக, விளிம்பு கூர்மையாக, பளபளவென்று சில கட்டிகள். ஒன்று மிக அழகாக இருந்தது. அதைத்தான் எடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள்.

"ஏ உலகு, இது நகைக்கடையில வைக்கலாம் போலுக்கே," என்றான் இசக்கிராஜ். என் முழுப்பெயர் உலகம்மாள். அதைச் சுருக்குகிறவன் அவன் ஒருவன்தான்.

ஏப்ரல் 15

எக்ஸ் கதிர்க் கருவி எங்களிடம் இல்லை. திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினேன். இசக்கிராஜ் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தான். நீலச் சட்டை. பஸ்ஸில் சாப்பிட மஸ்கோத் அல்வாவும் மிக்சரும் வாங்கிக் கொடுத்தான். படிகத்தின் மேல் அவனுக்கு அக்கறை அதிகம்.

நாகர்கோவிலில் பஸ் மாறும்போது குப்பி குலுங்கியதோ என்று பயமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 18

படிகத்தின் கட்டமைப்பு தெரிந்துவிட்டது. கணினித் திரையில் நடுவில் உலோகம், சுற்றி நான்கு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். எல்லாம் எதிர்பார்த்தபடி. பிணைப்பு நீளங்கள் மட்டும் எதிர்பார்த்தபடி இல்லை.

மாங்கனீசு இந்த நிலையில் இருந்தால், ஆறு பிணைப்புகளில் எதிரெதிரே இருக்கும் இரண்டு மட்டும் நீண்டு நிற்கும். அது அதன் சுபாவம். எங்கள் படிகத்தில் எதுவும் நீளவில்லை. எல்லாம் இறுக்கமாக, ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. மாங்கனீசின் எலக்ட்ரான்கள் வேறு விதமாக அடுக்கிக்கொண்டால் அப்படி நடக்கலாம். ஆனால் அதெல்லாம் கடுங்குளிரில்தான் நடக்கும். திருநெல்வேலி வெயிலில் நடந்தால் பெரிய செய்தி.

மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எங்கள் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இத வெளிய யார்ட்டயும் பேசாதீங்க," என்றார். "எழுத ஆரம்பிங்க. நான் போறதுக்கு முன்னால இத அனுப்பிரணும்."

இசக்கிராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 23

தூளைக் காந்தத் தராசில் நிறுத்தோம். வந்த எண் மிகச் சாதாரண மாங்கனீசின் எண். பிணைப்பு நீண்ட மாங்கனீசுக்கு வர வேண்டிய எண்.

"தராசு கிழடு தட்டிப் போச்சு," என்றான் இசக்கிராஜ். "எங்க தாத்தா காலத்துத் தராசு."

தூளை வெளியே அனுப்பித் தனிமப் பகுப்பாய்வு செய்த முடிவும் வந்திருந்தது. மாங்கனீசு இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கிறது. "அப்ப என்ன, மாங்கனீசுதான," என்றார் மேடம். தராசைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 28

ஒவ்வோர் அணுவையும் கணினி ஒரு முட்டை வடிவத்தில் காட்டும். அணு தன் இடத்தில் எவ்வளவு ஆடுகிறது என்பதற்கு அது அடையாளம். எங்கள் மாங்கனீசின் முட்டை பக்கத்தில் இருக்கும் அணுக்களை வைத்துப் பார்த்தால் மிகச் சிறியதாக இருந்தது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். இன்றுதான் பார்த்தேன். முட்டை இப்படிச் சுருங்கினால், நாம் சொன்னதை விட அதிக எலக்ட்ரான்கள் அந்த இடத்தில் இருக்கின்றன என்று பொருள்.

எக்ஸ் கதிருக்கு எலக்ட்ரான்கள் மட்டும்தான் தெரியும். மாங்கனீசுக்கு இருபத்தைந்து, தனிம அட்டவணையில் அடுத்த கட்டத்தில் இருக்கும் இரும்புக்கு இருபத்தாறு. ஒன்றுதான் வித்தியாசம். நாம் எந்தப் பெயரைச் சொன்னாலும் கணினி பெரிதாக மறுப்புச் சொல்லாது.

இரும்பு என்று போட்டுப் பார்த்தேன். முட்டை சரியான அளவுக்கு வந்தது. பிழை விகிதமும் கொஞ்சம் இறங்கியது. இரும்பு இந்த ஷிப் காரத்தோடு சேர்ந்தால் பிணைப்புகள் இறுக்கமாகத்தான் இருக்கும். அது புத்தகத்தில் இருக்கிற பழைய விஷயம்.

மறுபடி மாங்கனீசு என்று மாற்றிவிட்டுக் கணினியை அணைத்தேன்.

ஏப்ரல் 29

துணி துவைத்தேன்.

மே 2

இரும்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். மெத்தனாலை நாங்கள் இரும்புப் பீப்பாயில் வாங்குகிறோம். மூன்று ஆய்வகத்துக்கும் சேர்த்து ஒரு பீப்பாய். எப்போதும் அதை வாலையில் வடித்துத்தான் எடுப்போம். வடிக்க வேண்டுமென்றால் குளிர்விக்கும் குழாயில் தண்ணீர் விடாமல் ஓட வேண்டும். ஏப்ரலில் தண்ணீர் இல்லை. பீப்பாயிலிருந்து அப்படியே ஊற்றினோம். பீப்பாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். செம்பழுப்பாக ஒட்டியது.

துரு கொஞ்சம்தான் இருந்திருக்கும். ஆனால் இரும்புச் சேர்மம் சட்டென்று அழகாகப் படிகமாகும். மாங்கனீசுச் சேர்மம் தூளாகவே கிடக்கும். குப்பியில் பெரும்பகுதி மாங்கனீசு, நான் எடுத்த அந்தப் பளபளப்பு மட்டும் இரும்பு. தூளுக்கு ஒரு முடிவும் படிகத்துக்கு வேறொரு முடிவும் வந்தது இதனால்தான். தராசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் இது ஊகம். இன்னொரு படிகத்தைப் பார்க்காமல் யாரிடமும் சொல்லக்கூடாது. மேடமே அப்படித்தான் சொல்வார்.

மே 6

மதியம் இசக்கிராஜ் என் டிபன் பாக்ஸிலிருந்து கத்தரிக்காயை எடுத்துக்கொண்டே சொன்னான். தைவானில் இரண்டு வருட ஆய்வுப் பணி உறுதியாகிவிட்டதாம். ஒன்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ஜெர்மனியிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் மாங்கனீசைப் பற்றி மேடம் அவருக்குச் சொல்லியிருக்கிறார். கட்டுரை ஏற்கப்பட்டால் இடம் உண்டு, அதுவும் மூன்று வருடம்.

"தைவான் கையில இருக்கு. ஜெர்மனி நம்ம கிறிஸ்டல்ல இருக்கு," என்றான். "நீ என்ன சொல்லுத?"

"உங்க வீட்ல என்ன சொல்லுதாங்க?"

"அம்மைக்கி ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் ஏரோப்ளேன்லா."

"நல்லா யோசிச்சுச் செய்," என்றேன்.

கத்தரிக்காயில் உப்பு கூடியிருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான்.

மே 7

இந்த மாதம் விடுதிச் சாப்பாடு சகிக்கவில்லை. தலைவலி.

மே 9

இசக்கிராஜ் தைவானுக்கு வேண்டாம் என்று எழுதினான். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தட்டச்சு செய்தான். அனுப்பும் முன் என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னான். ஆங்கிலத்தில் இரண்டு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

அனுப்பிவிட்டு, "அவ்வளவுதாம்," என்று கையைத் தட்டிக்கொண்டான்.

மே 12

ஒன்றைத் தெளிவாக எழுதி வைத்துவிடுவது நல்லது. அந்தப் படிகம் இரும்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. இரும்பு என்றால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லையென்றால் ஜெர்மனி இல்லை. இப்படி ஆசை வைத்திருக்கும் ஆள் அது இரும்பு என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? ஆகவேதான் நான் இதுவரை சொல்லவில்லை. எனக்குச் சாதகமான முடிவை நானே அறிவிக்கக்கூடாது.

ஆசை ஏன் என்பதை எழுத வேண்டியதில்லை.

மே 18

கட்டுரை முடிந்துவிட்டது. இசக்கிராஜ் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது, மேடத்தின் பெயர் கடைசியில். தலைப்பில் மாங்கனீசு என்று இருக்கிறது. திங்கட்கிழமை அனுப்புகிறார்கள். "உலகம்மாள், பிணைப்பு நீள அட்டவணைய இன்னொரு தடவ சரிபாருங்க," என்றார் மேடம். சரிபார்த்தேன். எண்கள் எல்லாம் சரி.

மே 20

குப்பியில் மிஞ்சியிருந்த பளபளப்பான கட்டிகளை மட்டும் ஊசி நுனியால் பொறுக்கினேன். கண் வலித்தது. அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்து உடைத்து, தயோசயனேட் கரைசலில் ஒரு சொட்டு விட்டேன். இரும்பு இருந்தால் இரத்தச் சிவப்பு வரும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் செய்கிற சோதனை. வந்த சிவப்பைப் பார்க்கப் பிள்ளைகள் யாரும் தேவையில்லை, கண் தெரியாதவர்களே பார்த்துவிடுவார்கள்.

பக்கத்தில் தூளை மட்டும் எடுத்து அதே மாதிரி செய்தேன். லேசான ஆரஞ்சு, அவ்வளவுதான்.

இரண்டு சோதனைக் குழாய்களையும் தாங்கியோடு எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். இசக்கிராஜும் அங்கேதான் இருந்தான்.

மேடம் குழாய்களைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் பீப்பாயைப் பற்றிச் சொன்னேன், முட்டையைப் பற்றிச் சொன்னேன், தராசைப் பற்றியும் சொன்னேன்.

"ஒரே ஒரு கிறிஸ்டல்தான பாத்தோம்," என்றார் கடைசியில். "நல்லா இருக்குன்னு ஒண்ண எடுத்தோம், அதுவே எல்லாம்னு நெனச்சுட்டோம். முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு இதத்தான் செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டிருக்கேன்." குழாய்களைத் தாங்கியில் வைத்தார். "அவசரப்பட்டது நான்தான். பேப்பர் வேண்டாம். ஜெர்மனிக்கு நானே எழுதுறேன்."

இசக்கிராஜ் என் பின்னாலேயே வந்தான். வெளியே வந்ததும், நடந்துகொண்டே, "முட்டைய எப்பம் பாத்த?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். அது தோன்றவில்லை.

"ஏப்ரல் இருபத்தெட்டு."

நின்றான். உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

மே 21

இசக்கிராஜ் வரவில்லை.

மே 25

வந்தான். அவன் மேசை என் மேசைக்கு அடுத்த மேசை. "அந்தப் பிப்பெட்ட எடு," என்றுகூடக் கேட்கவில்லை, சுற்றிக்கொண்டு வந்து அவனே எடுத்துக்கொண்டான்.

தைவானுக்கு மறுபடி எழுதியிருக்கிறான் என்று கீழ் ஆய்வகத்து மும்தாஜ் சொன்னாள். அந்த இடத்தில் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்களாம். ஜெர்மனியிலிருந்து மேடத்துக்கு வந்த பதில் மிக மரியாதையாக இருந்தது. நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். இந்த முறை இடமில்லை.

மே 30

நல்ல மெத்தனாலில் புதிதாகச் செய்த மாங்கனீசு, தூளாகவே வருகிறது. கரைப்பானை மாற்றிப் பார்க்கிறேன். துளையின் அளவையும் மாற்றிப் பார்க்கிறேன்.

அவன் இங்கேயே இருக்கிறான். நான் ஆசைப்பட்டது இதுதான். அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 4

இசக்கிராஜ் கேண்டீனுக்குக் கூப்பிட்டான். இரண்டு டீ சொன்னான். கூட்டம் இல்லை. நான் என்ன சொல்ல வேண்டும் என்று பல நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், ஆகவே அவன் கேட்குமுன்பே சொன்னேன்.

"எனக்கு அது இரும்பா இருக்கணும்னு ஆசையிருந்துச்சு. அதனாலதான் சொல்லல. எனக்கு வேணும்ங்கிறதுக்காவ சொல்லுத மாதிரி ஆயிரும்லா."

"உனக்கு எதுக்கு அது இரும்பா இருக்கணும்?"

நான் டீயைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். முகம் முதலில் இளகியது. பிறகு ஆய்வகத்தில் கணக்குச் சரிவராதபோது வைத்துக்கொள்கிற முகமாக மாறியது.

"சரி," என்றான். "ஏப்ரல் கடைசிக்கு நீ சொல்லுதது சரிதாம். எனக்குத் தைவான் இருக்குன்னு உனக்குத் தெரியாது. சொன்னா நான் இங்கயே இருப்பேன்னு நெனச்சுருப்ப. உனக்கு லாபம், அதனால சொல்லல. ஒத்துக்கிடுதேன்."

"ம்."

"மே ஆறாந்தேதி நானே வந்து தைவான் இருக்குன்னு சொன்னேன். அதுக்குப் பெறவு நீ சொல்லிருந்தா, நான் தைவானுக்குப் போயிருப்பேன். உனக்கு ஒரு லாபமும் கெடையாது, நட்டம்தான். அப்பம் சொல்லலாம்லா. அப்பம் ஏன் சொல்லல?"

நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"நான் வேண்டாம்னு எழுதி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு, பெறவு சொல்லிருக்க. ஒரே காரணத்த ரெண்டு பக்கமும் போட முடியாது, உலகு."

அவன் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மே பன்னிரண்டாம் தேதி நான் இங்கே எழுதியதை விடுதிக்கு வந்ததும் எடுத்துப் படித்தேன். அதில் தைவான் என்ற சொல்லே இல்லை. அதை எழுதியபோது தைவான் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் திட்டம் போட்டிருந்தாலும் இதே தேதிகளில் இதையேதான் செய்திருப்பேன்.

"நீ இங்கயே இருக்கணும்னு நெனச்சேன்," என்றேன் அவனிடம். இதை நான் வாய்விட்டுச் சொல்வது முதல் தடவை.

"கேட்டிருக்கலாம்லா."

"கேட்டிருந்தா இருந்திருப்பியா?"

"தெரியல," என்றான். நன்றாக யோசித்துத்தான் சொன்னான். "இனும அது தெரியவே போறதில்ல."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவன் எழுந்து போகவில்லை. எதிரேயே உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தான்.

ஜூன் 11

படிகம் வந்துவிட்டது. அழகொன்றும் இல்லை, ஓரமெல்லாம் உடைந்து, மங்கலாக. ஒரு குப்பியிலிருந்து மூன்றை எடுத்தேன், ஒவ்வொன்றிலும் பாதியை உடைத்து அமிலத்தில் போட்டுப் பார்த்த பிறகே பையில் வைத்தேன். நாளை திருவனந்தபுரம்.

ஜூன் 16

மூன்றும் மாங்கனீசு. எதிரெதிரே இருக்கும் இரண்டு பிணைப்புகள் நன்றாக நீண்டிருக்கின்றன. உலகத்தில் எல்லா மாங்கனீசும் எப்படியிருக்குமோ அப்படி இருக்கிறது. ஆய்வேட்டுக்கு ஓர் அத்தியாயம் ஆகும், கட்டுரையாக எங்காவது சிறிதாக வரும். மேடம் பார்த்துவிட்டு, "நல்லது," என்றார்.

இசக்கிராஜுக்கு வடக்கே அங்கலேஷ்வர் என்ற ஊரில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. ஆய்வேட்டை அங்கிருந்தே எழுதி முடித்துக்கொள்வானாம்.

ஜூன் 22

இன்று மதியம் கிளம்பினான். பெட்டியோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டான். மேடத்திடம் சொல்லிக்கொண்டான், மும்தாஜிடம் சொல்லிக்கொண்டான், கண்ணாடிக் கருவி அறை ராமையா அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். கடைசியாக என் மேசைக்கு வந்தான்.

"போய்ட்டு வாரேன், உலகு."

"போகாத," என்றேன்.

எல்லோரும் இருந்தார்கள். மேடம் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். நான் மெதுவாகச் சொல்லவில்லை. மும்தாஜ் கழுவிக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தாள்.

இசக்கிராஜ் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தான். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி அவன் பார்க்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடுகிற மாதிரித்தான் பார்த்தான்.

"டிரெயினுக்கு நேரமாச்சு," என்றான்.

அது உண்மைதான். நேரமாகியிருந்தது.